ஒரு ஷில்லிங் கேலிப்படம்: செப்புத் தகட்டிலிருந்து கடை ஜன்னல் வரை

திண்ணைவாசி

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி யார் எழுதினாலும் ஹோகார்த், கில்ரே, ரோலண்ட்சன் என்ற அந்நாள் கேலிச்சித்திரக்காரர்களின் படங்களை நடுநடுவே ஒட்டிவிடுகிறார்கள், ஏதோ புகைப்பட ஆதாரம் மாதிரி. இந்த இழையில் இரண்டு கேள்விகள். இவை எப்படிச் செய்யப்பட்டன, என்ன விலை, யார் வாங்கினார்கள்? அந்த நாள் வாழ்க்கைக்குச் சான்றாக இவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

ஓவியக் கல்லூரி மாணவர்கள் சிலர் பழைய முறையிலேயே ஒரு தகடு போட்டுப் பார்க்கப் போகிறார்கள். ஆகவே செய்முறை தெரிந்தவர்கள் கலவை அளவு, நேரம், எங்கே கெடும் என்பதுவரை எழுதினால் நல்லது.

நூலகப்பூனை

விலையிலிருந்து தொடங்குவோம். "மக்கள் கலை" என்ற பேச்சு அங்கேதான் ஆட்டம் காண்கிறது.

ஹோகார்த்தின் 'ஜின் சந்து' (ஜின் என்பது மலிவான சாராயம்), 'பீர் தெரு' இரண்டும் 1751 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தன. தலா 1 ஷில்லிங். ரசனைக்காரர்களுக்கென்று கவனமாக அச்சிட்ட படி 1 ஷில்லிங் 6 பென்ஸ். அப்போது லண்டனில் கட்டட வேலைச் சித்தாளுக்கு நாட்கூலி 2 ஷில்லிங்கை ஒட்டித்தான். ஆக, ஒரு படத்துக்கு அரைநாள் கூலி. தெருவில் கூவி விற்ற பாட்டுத் தாள், மேலே ஒரு மரக்கட்டை அச்சுப் படத்தோடு, அரைப் பென்னிக்கும் ஒரு பென்னிக்கும் கிடைத்தது (12 பென்னி ஒரு ஷில்லிங்). ஏழை வீட்டுச் சுவரில் ஒட்டியது அதுதான். 'ஜின் சந்து'வை வாங்கியவர்கள் கடை முதலாளி, வக்கீல், பாதிரியார், மாஜிஸ்திரேட் வகையறா. அந்த ஆண்டே ஜின் விற்பனையை இறுக்கும் சட்டமும் வந்தது. குடித்துச் சீரழிகிறவனைப் பார்த்துப் பயந்தவர்களுக்காகப் போட்ட படம் அது.

மற்ற விலைகளும் இதே கதைதான். ஹோகார்த்தின் 'விலைமகளின் பாதை' 1732இல் 6 படம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். பாதியை முன்பணமாகக் கட்டிப் பெயர் பதிய வேண்டும். 'உழைப்பும் சோம்பலும்' 1747இல் 12 படம் 12 ஷில்லிங். தொழில் பழகும் பையன்களுக்குப் புத்தி சொல்ல முதலாளிகள் வாங்கி மாட்டட்டும் என்பது கணக்கு. செயின்ட் பால்ஸ் சர்ச்யார்டில் 69ஆம் எண் கடை வைத்திருந்த கேரிங்டன் போல்ஸ், 14க்கு 10 அங்குல மெட்சோடின்ட் (தகட்டைச் சொரசொரப்பாக்கி நிழல் காட்டும் செப்பு அச்சு) கேலிப்படங்களை வண்ணமில்லாமல் 1 ஷில்லிங்குக்கும், வண்ணம் தீட்டி 2 ஷில்லிங்குக்கும் விற்றார்.

காவிரிக்கரையான்

வாங்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று ஆகிவிடுமா? கடை ஜன்னல் எதற்கு இருந்தது? கில்ரேயின் 1808 படம் ஒன்றில் ஹம்ஃப்ரியின் படக் கடை வாசல் அப்படியே இருக்கிறது. கண்ணாடிக்குக் கண்ணாடி படம் ஒட்டியிருக்க, முன்னால் ஒருவர் வழுக்கி விழுகிறார். விழுந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கூட்டம் ஜன்னலையே வெறித்துக்கொண்டிருக்கிறது. அதில் எல்லோருமே சீமான்கள் இல்லை.

நூலகப்பூனை

ஜன்னல் உண்மை. ஆனால் எந்தத் தெருவில் இருந்த ஜன்னல்? ஹன்னா ஹம்ஃப்ரி 1797 முதல் செயின்ட் ஜேம்ஸ் தெரு 27ஆம் எண்ணில் கடை போட்டிருந்தார். மாடியில் கில்ரே குடியிருந்து அங்கேயே தகடு போட்டார். சுற்றிலும் வைட்ஸ், புரூக்ஸ் போன்ற அரசியல் கிளப்புகள். படத்தில் கிழிபடுகிற அமைச்சரே அந்த வழியாகத்தான் நடந்து போவார். இன்னொரு படக் கடைக்காரர் எஸ். டபிள்யூ. ஃபோர்ஸ் பிக்கடில்லியில். வில்லியம் ஹாலண்ட் ஆக்ஸ்ஃபோர்ட் தெரு 50இல். அங்கே படங்களைச் சுவர் முழுக்க மாட்டி, பார்க்க 1 ஷில்லிங் கட்டணம் வாங்கினார். ஃபோர்ஸ் ஒரு படி மேலே போய், கேலிப்படக் கட்டுகளை மாலை விருந்துக்கு வாடகைக்கு விட்டார்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, எழுத்து. 1790களின் படங்களில் வாயிலிருந்து ஊதி வரும் பேச்சுக் குமிழிகள், ஷேக்ஸ்பியர், மில்டன் வரிகளைத் திருகி எழுதிய தலைப்புகள் என்று பொடி எழுத்து நிறைந்திருக்கும். தெருவில் நின்று பார்ப்பவனுக்குக் குண்டு ராஜா, ஒல்லிப் பிரதமர் பிட், தாடி முளைத்த எதிர்க்கட்சிக்காரர் ஃபாக்ஸ் என்று உருவம் புரியும். மேற்கோளின் குத்தல் புரிய உள்ளே வந்து 2 ஷில்லிங் கொடுக்க வேண்டும். ஒரே தாளில் இரண்டு வகைப் பார்வையாளர்.

செப்புத்தகடு

செய்முறைக்கு வருகிறேன். கில்ரே காலத்து அரசியல் படம் பெரும்பாலும் எச்சிங், அதாவது செம்பில் கோட்டை அமிலத்தால் அரிப்பது. மேலே கொஞ்சம் உளி வேலை. முழுக்க உளியால் செதுக்கினால் ஒரு தகடு வாரக்கணக்கில் இழுக்கும், செய்தி ஆறிப்போகும்.

தகடு: 10க்கு 14 அங்குலம், 1.5 மி.மீ. தடிமன் செம்பு. அந்தக் காலத்தில் சுத்தியலால் அடித்துச் சமன் செய்த தகடு, ஷூ லேன் செப்புக் கடைகளில் வாங்குவார்கள். அடிபட்ட செம்பு இறுகியிருக்கும். இன்று கிடைக்கும் தகடு உருளையில் உருட்டியது, சற்று மென்மை; கோடு சீக்கிரம் தேயும் என்பதைத் தவிரக் குறையில்லை. நான்கு ஓரத்தையும் அரத்தால் 45 பாகைக்குச் சாய்த்துவிடுங்கள். இதைச் சோம்பேறித்தனமாக விட்டால் அச்சுப் போடும்போது தாள் வெட்டுப்படும், அடுத்து அச்சு உருளையின் கம்பளியும் கிழியும்.

மெருகு: நீர் ஊற்றி 400, 800, 1200 எண் உப்புத்தாள், கடைசியில் மெருகுப் பசை. பிறகு சாக்கட்டித் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்து எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். குழாயில் காட்டும்போது தண்ணீர் துளித்துளியாகப் பிரியாமல் ஒரே படலமாக ஓடினால் போதும். பிரிந்தால் திரும்பத் தேயுங்கள். இதற்குப் பின் தகட்டு முகத்தில் விரல் படக் கூடாது. விரல் ரேகை பட்ட இடத்தில்தான் பூச்சு உரிந்து வரும்.

பூச்சு (அமிலம் செம்பைத் தொடாமல் காப்பது): எடையில் தேன்மெழுகு 2 பங்கு, ஆஸ்பால்டம் (நிலக்கீல்) பொடி 2 பங்கு, ரோசின் (பைன் மரப் பிசின்) 1 பங்கு. மெழுகை உருக்கி, ரோசினைக் கரைத்து, ஆஸ்பால்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். குளிர்ந்த நீரில் கொட்டி உருண்டை பிடித்து, பட்டுத் துணியில் முடிந்துகொள்ளுங்கள். ரோசின் கூடினால் ஊசி படும்போது சில்லுச் சில்லாக உதிரும். மெழுகு கூடினால் கை பட்டாலே கீறும். வெயில் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் பழைய கையேடுகளே வேறு வேறு அளவு சொல்கின்றன. குளிருக்கு மெழுகு அதிகம்.

தகட்டைச் சூடாக்கி, உருண்டையை வைத்தால் இளகி ஒட்டும் பதத்தில் நிறுத்துங்கள். புகை கிளம்பினால் சூடு மிஞ்சிவிட்டது. பஞ்சு வைத்த பட்டுப் பொட்டலத்தால் ஒற்றி ஒற்றி, தங்கப் பழுப்பு நிறத்தில் மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். சூடு ஆறுமுன் தகட்டைக் குப்புறப் பிடித்து, மெழுகுத் திரிக் கொத்தைக் கீழே ஆட்டிக் கரி ஏற்ற வேண்டும். சுடர் நுனி பூச்சைத் தொடக் கூடாது. சரியாக வந்தால் பளபளக்கும் கறுப்பு. எங்காவது மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால் அந்த இடம் கருகிவிட்டது, அமிலத்தில் உடையும்; துடைத்துவிட்டு மறுபடி பூசுவதே மேல்.

படம் மாற்றுதல்: பென்சில் சித்திரத்தை ஈரப்படுத்தி, பூச்சின் மேல் குப்புற வைத்து, உருளையில் லேசாக விட்டால் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். தகட்டில் இடவலம் மாறி விழும், அச்சில் நேராகிவிடும். ஊசியால் பூச்சைக் கிழித்துச் செம்பைத் தொட்டால் போதும். செம்புக்குள் குத்த வேண்டாம். ஆழத்தை அமிலம் பார்த்துக்கொள்ளும்.

கோட்டுக்காரன்

அமில அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. மாணவர்கள் கெடுவது அங்கேதான். பழைய முறைக்கு நைட்ரிக் அமிலம் கட்டாயமா?

செப்புத்தகடு

அதைத் தனியாக எழுதவே நிறுத்தினேன்.

கில்ரே காலத்தில் தகட்டைத் தொட்டியில் முக்க மாட்டார்கள். ஓரம் சுற்றிலும் மெழுகு வரப்பு கட்டுவார்கள்: தேன்மெழுகும் கீலும் கலந்த பட்டை, ஓர் அங்குல உயரம், ஒரு மூலையில் ஊற்றுவாய். அதற்குள் அமிலத்தை ஊற்றுவது. பட்டையை வெந்நீரில் போட்டு இளக்கிப் பிடித்து ஒட்ட வேண்டும். அடியில் துளி ஈரம் இருந்தால் வரப்பு கசியும்.

68 சதவீத நைட்ரிக் 1 பங்கு, நீர் 3 பங்கு. நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் தெறிக்கும். திறந்த வெளி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை. ஊற்றியதும் கோடுகளில் குமிழி பூக்கும். குமிழி நின்ற இடத்தில் அரிப்பு நடக்காது, கோடு முத்துக் கோத்த மாதிரி விட்டுவிட்டு வரும். அதனால் இறகால் நீவிக்கொண்டே இருக்க வேண்டும். பழுப்புப் புகை கிளம்பினால் கலவை கடுமை அல்லது சூடேறிவிட்டது. உடனே வடித்துவிட்டு நீர் சேருங்கள். இல்லாவிட்டால் கோட்டோரம் பூச்சு தூக்கிக்கொள்ளும்.

முதல் அரிப்பு 3 முதல் 5 நிமிடம். வடித்து, கழுவி, உலர்த்தி, தூரத்துச் சுவர், வானம், முகத்தின் மெல்லிய நிழல் ஆகியவற்றை வார்னிஷால் மூடிவிடுங்கள். மறுபடி 8 நிமிடம், உடைகளை மூடுங்கள். கடைசியில் முன்னால் நிற்கும் உருவத்தின் புறக்கோடும் நாற்காலிக் காலும் மட்டும் திறந்திருக்க, மொத்தம் 30 நிமிடத்தைத் தாண்டலாம். அடர்த்தி எல்லாம் ஊசி அழுத்தத்தில் இல்லை, இந்த நிறுத்தி நிறுத்தி அரிக்கும் வேலையில் இருக்கிறது.

நைட்ரிக் பக்கவாட்டிலும் தின்னும். நெருக்கமான குறுக்குக் கோடுகளை அதிக நேரம் விட்டால் நடுவிலுள்ள செம்பு சரிந்து பள்ளமாகிவிடும். பள்ளத்தில் மை நிற்காது. கன்னங்கரேலென்று இருக்க வேண்டிய இடம் வெளிறிய சாம்பல் திட்டாக அச்சாகும். அந்த நாள் அவசரப் படங்களில் கோட் நிழலில் இந்தத் திட்டை நிறையப் பார்க்கலாம்.

கட்டாயமா என்று கேட்டீர்கள். பாதுகாப்புக்கு ஃபெரிக் குளோரைடு மேல். ஆனால் அது 19ஆம் நூற்றாண்டு டச்சு அமிலக் கலவையைப் போலவே கோட்டை நேராகக் கீழே வெட்டும். விளிம்பு சுத்தமாக இருக்கும். கில்ரே கோட்டின் கரடுமுரடு அதில் வராது. மாணவர்களுக்கு ஃபெரிக் கொடுத்து, காட்சிக்கு மட்டும் ஒரு தகட்டை நைட்ரிக்கில் அரித்துக் காட்டுவது புத்திசாலித்தனம்.

எழுத்து: பேச்சுக் குமிழிகளை இடவலம் மாற்றித்தான் எழுத வேண்டும். கில்ரே தொடக்கத்தில் ஹாரி ஆஷ்பி என்ற எழுத்துச் செதுக்காளரிடம் தொழில் பழகியவர். அதனால்தான் அவர் தலைப்பு எழுத்துகள் இவ்வளவு ஒழுங்கு. பழக்கமில்லாதவர்கள் கண்ணாடியில் பார்த்து எழுதுங்கள். எண்களும் சுழிகளும்தான் முதலில் காலை வாரும்.

கோட்டுக்காரன்

சரி, மரக்கட்டை அச்சு மலிவென்றால் ஹோகார்த் ஏன் அதில் இறங்கவில்லை?

நூலகப்பூனை

இறங்கினார். 1751இல் 'கொடுமையின் நான்கு கட்டங்கள்' ஏழைகள் கைக்குப் போக வேண்டும் என்று ஜே. பெல் என்பவரை வைத்துக் கடைசி இரண்டு காட்சிகளைப் பெரிய மரக்கட்டையில் வெட்ட வைத்தார். வெட்டுக்கூலி எதிர்பார்த்ததைவிட ஏறிப்போய், பாதியில் நிறுத்திச் செம்புக்கே திரும்பினார். சின்னப் படத்துக்குத்தான் மரம் மலிவு. ஹோகார்த் அளவு நுணுக்கத்தை மரத்தில் கொண்டுவர நினைத்தால் கோட்டின் இருபுறமும் மரத்தை வெட்டி எடுக்க வேண்டும். செம்பில் ஒரு கீறலில் முடிகிற வேலை அது.

மரக்கட்டைக்கு ஒரு வசதி உண்டு, எழுத்துகளோடு சேர்த்து ஒரே அச்சகத்தில் அடித்துவிடலாம். செப்புத் தகட்டுக்குத் தனி உருளை அச்சு வேண்டும். அன்றாடச் செய்தித்தாளில் இந்த வகைப் படம் வராததற்கும், படக் கடை என்று தனி வியாபாரம் வளர்ந்ததற்கும் இது பெரிய காரணம்.

மைக்கூடு

அச்சும் வண்ணமும் என் பங்கு.

மை: ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி, தீப்பற்றவிட்டுக் கெட்டியாக்கியது, அதில் திராட்சைச் சக்கையைக் கரியாக்கி அரைத்த ஃபிராங்க்ஃபர்ட் கறுப்பு. பதம், குளிர்காலத் தேன் மாதிரி கனமாக இழுபட வேண்டும். விளக்குக் கரியை மட்டும் போட்டால் வழவழவென்று தகடு முழுக்க அப்பிக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. தகட்டை இளஞ்சூட்டில் வைத்து மையைக் கோட்டுக்குள் அழுத்தி, கந்தலால் துடைத்து, கடைசியில் சாக்கட்டித் தூள் தடவிய உள்ளங்கையால் கோடில்லாத வெள்ளை இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். சாய்ந்த ஓரங்களையும் துடைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் படத்தைச் சுற்றி அழுக்குச் சட்டம் விழும்.

தாள்: பருத்திக் கந்தல் தாள், முந்தின இரவே நனைத்துப் பலகைகளுக்கு நடுவே அடுக்கி வைத்தது. எடுக்கும்போது மேலே நீர் மினுங்கக் கூடாது. ஈரம் கூடினால் மை ஏறாது. குறைந்தால் கோடு விட்டுப்போகும். உருளை அழுத்தம் போதுமா என்று பார்க்க, தாளின் பின்புறம் விரலை ஓட்டினால் கோடுகள் மேடாகத் தட்டுப்பட வேண்டும்.

மை பூசி, துடைத்து, ஓட்டி, தாளை உரித்து எடுக்க ஒரு படிக்கு 3, 4 நிமிடம் என்றால் 12 மணி நேர வேலைக்கு 180 முதல் 240 படி. இது இடைவிடாத கணக்கு, நடப்பில் குறையும். ஆயிரம் படி வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒரு வாரம். தகடும் தேய்ந்துகொண்டே வரும், நடுவில் உளியால் கோட்டைப் புதுப்பிக்க வேண்டும். அக்வாடின்டும் (நிழலைப் பொடிப் புள்ளிகளாக அமிலத்தால் அரிப்பது) மெட்சோடின்டும் இதைவிடச் சீக்கிரம் தேயும்.

வண்ணம்: கடைக்காரர் ஒரு மாதிரிப் படியை முன்னால் வைப்பார், கூலிக்கு அமர்த்திய பெண்களும் சிறுவர்களும் அதைப் பார்த்து நீர்வண்ணம் தீட்டுவார்கள். காம்போஜ் மஞ்சள், வெர்மிலியன், பிரஷ்யன் நீலம், கார்மைன். எண்ணெய் மை நீரை ஒட்டவிடாது என்பதால் மை முழுக்கக் காயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தூரிகையை அழுத்தித் தேய்க்காமல் இருந்தால் போதும். தாளில் பசைச்சத்து குறைவென்றால் வண்ணம் உறிஞ்சிப் பின்புறம் கசியும். அதற்குப் படிகார நீர் கலந்த மெல்லிய ஜெலட்டின் பூச்சு ஒன்று. ஒரே படத்தின் இரண்டு படிகளில் உருவத்தின் கோட்டு உடை நிறம் மாறியிருந்தால் அதில் அரசியல் அர்த்தம் தேடி அலையாதீர்கள். பல நேரம் நீலக் கிண்ணம் காலியாகியிருக்கும், அவ்வளவுதான்.

திண்ணைவாசி

இது போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கிறது, நன்றி. இரண்டாம் கேள்வி அப்படியே நிற்கிறதே. அன்றாட வாழ்க்கைக்கு இவை சான்றா?

நூலகப்பூனை

படம் எதைச் சொல்லி விற்கிறதோ அதைச் சந்தேகிக்கலாம். போகிற போக்கில் வரைந்ததை ஓரளவு நம்பலாம் என்பது என் நிலை.

'ஜின் சந்து'வில் குழந்தை கைநழுவி விழுவது வாதம். அதே படத்தில் தச்சர் தன் ரம்பத்தையும், ஒரு பெண் சமையல் பாத்திரங்களையும் அடகுக் கடையில் கொடுக்கிறார்கள். அடகுக்கு எவை போயின என்பதற்கு அது நல்ல குறிப்பு. பின்னால் தெரியும் கோபுரம் புளூம்ஸ்பரி செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். ஆகவே இடம் செயின்ட் கைல்ஸ் என்ற ஏழை வட்டாரம் என்று வாங்கியவனுக்கு உடனே தெரியும்.

வரி, விலை சம்பந்தப்பட்ட படங்களுக்குத் தேதி மதிப்பு அதிகம். 1795இல் தலைமுடிக்கு மாவு பூசுபவர் ஆண்டுக்கு ஒரு கினி கட்ட வேண்டும் என்று பிட் வரி போட்டார். வரி நடைமுறைக்கு வந்தது மே மாதம். கில்ரே மார்ச் 10ஆம் தேதியே மாவை விட்டுவிட்டுக் கினியை மிச்சம் பிடிக்கும் குடும்பத்தைப் போட்டுவிட்டார். மாவு நீங்கிய தலைகளைப் பார்த்து வீடே அதிர்ச்சியாகிறது. 1792 மார்ச் 27 தேதியிட்ட இன்னொரு படத்தில் மூன்றாம் ஜார்ஜும் ராணியும் சர்க்கரை போடாத தேநீரைக் குடிக்கச் சொல்லி மகள்களை வற்புறுத்துகிறார்கள். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையைப் புறக்கணிக்கும் இயக்கம் ஓடிய காலம். கருணை என்ற பெயரில் செலவைக் குறைக்கிறார் ராஜா என்பது குத்தல். ஆனால் தேநீர் மேசையில் சர்க்கரை எவ்வளவு இயல்பாகிவிட்டிருந்தது என்பதும் அந்த இளவரசிகளின் முகச்சுளிப்பில் இருக்கிறது.

நம்பக் கூடாததற்கு உதாரணம் 1770களின் கொண்டைப் படங்கள். ஸ்டிராண்ட் 39ஆம் எண்ணில் மேத்யூ, மேரி டார்லி கடை. 1777இல் ஒரு பெண்ணின் தலைமேல் முழுத் தோட்டத்தையே வைத்தார்கள். உயரக் கொண்டை உண்மை. உள்ளே கம்பளித் திணிப்பு, மேலே கொழுப்புப் பசை, அதன்மேல் மாவு. ஆனால் ஒரு கடை தோட்டம் வைத்தால் அடுத்த கடை எலி வைக்கும், இன்னொன்று வண்டிக் கூரையில் ஓட்டை போடும். படம் படத்தைப் பார்த்து வரைந்தது. இருபது படத்தில் ஒரே விஷயம் வந்தது என்பதை இருபது சாட்சி என்று எண்ணக் கூடாது.

காவிரிக்கரையான்

"போகிற போக்கில் வரைந்ததை நம்பலாம்" என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1792 ஜூலையில் கில்ரே போட்ட ஜோடிப் படத்தை எடுங்கள். 2ஆம் தேதி வந்ததில் வேல்ஸ் இளவரசன் தின்று முடித்துப் பல் குத்துகிறான். 28ஆம் தேதி வந்ததில் ராஜா அவித்த முட்டை தின்கிறார், ராணி கீரையை வாயில் திணிக்கிறாள். கணப்பில் நெருப்பு இல்லை, பூச்சாடி வைத்திருக்கிறது. நாற்காலிக்கு உறை போட்டிருக்கிறது. வீட்டுப் பொருள் என்று பார்த்தால் அருமையான சான்று. உண்மையில் அந்த அறையில் இருப்பதெல்லாம் கஞ்சத்தனம் என்ற ஒரே குற்றச்சாட்டின் சில்லறை. பின்னணி என்று எதுவும் சும்மா இல்லை.

நூலகப்பூனை

நல்ல உதாரணம்தான். ஆனால் நாற்காலிக்கு உறை போடுவது கஞ்சத்தனம் என்று வாங்குபவனுக்குப் புரிய வேண்டுமென்றால், அப்படிப் போடும் பழக்கம் ஊரில் இருந்திருக்க வேண்டும். ராஜா வீட்டில் இருந்ததா என்பதைப் படம் சொல்லாது. அந்தப் பழக்கத்தை லண்டன்காரன் எப்படிப் பார்த்தான் என்பதைச் சொல்லும்.

ஒத்துப் பார்க்க வழி உண்டு. லண்டன் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்ற நடவடிக்கைகள் 1674 முதல் இணையத்தில் தேடும்படி இருக்கின்றன. திருட்டு வழக்கில் போன பொருளும் மதிப்பும் வரிசையாக இருக்கும்: செப்புக் கெண்டி, படுக்கை விரிப்பு, சட்டை. படத்தில் பார்த்த பொருளை அங்கே தேடி, யார் வீட்டிலிருந்து போனது என்று பாருங்கள். இறந்தவர் வீட்டுச் சொத்துப் பட்டியல்களும் அதே வேலைக்கு உதவும். படத்தை முதல் சான்றாக வைக்காமல் மூன்றாவதாக வைத்தால் சிக்கல் குறையும்.

மைக்கூடு

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று. 1797இல் கில்ரே போட்ட 'கவுண்ட் ரூப்பி', ஹைட் பார்க்கில் குதிரையேறி வரும் பால் பென்ஃபீல்ட். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக இருந்து ஆற்காடு நவாபுக்கு வட்டிக்கு விட்டே பெரும் சொத்து சேர்த்தவர். பட்டப்பெயரே ரூபாய்! இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பிய 'நபாப்'களைப் பார்த்து லண்டன் எப்படி எரிந்தது என்பதற்கு அந்தச் சின்னப் படம் போதும். 1783 டிசம்பரில் ஜேம்ஸ் சேயர்ஸ், ஃபாக்ஸை யானை மேல் ஏற்றி, கம்பெனித் தலைமையகம் இருந்த லெடன்ஹால் தெருவுக்குள் கொண்டுவந்தது இதற்கு முந்தைய கதை. யானையின் முகம் ஃபாக்ஸின் கூட்டாளி நார்த் பிரபுவுடையது. கம்பெனியைக் கட்டுப்படுத்த ஃபாக்ஸ் கொண்டுவந்த இந்திய மசோதா தோற்றது அதே மாதம்.

கோட்டுக்காரன்

ஒரு நடைமுறைக் கேள்வி. ஏலத்தில் "18ஆம் நூற்றாண்டு அசல்" என்று வருபவற்றில் எது அந்தக் காலப் படி என்று எப்படிச் சொல்வது? தகடு அசலாக இருந்து, அச்சுப் பின்னால் போட்டதாக இருக்கலாமே.

நூலகப்பூனை

பெரும்பாலும் அப்படித்தான். முதலில் அடிவரி. 1735 ஜூன் 24 முதல் நடைமுறைக்கு வந்த செதுக்காளர் சட்டப்படி, உரிமையாளர் பெயரும் வெளியிட்ட தேதியும் தகட்டிலேயே இருந்தால்தான் 14 ஆண்டு காப்பு. 1767இல் அது 28 ஆண்டானது. திருட்டுப் படிக்கு, பிடிபட்ட ஒவ்வொரு தாளுக்கும் 5 ஷில்லிங் தண்டம். ஹோகார்த் தன் 'ஊதாரியின் பாதை'யைச் சட்டம் வரும்வரை நிறுத்தி வைத்து மறுநாள் வெளியிட்டார். அதற்குள் திருடர்கள் ஓவியங்களைப் பார்த்து வந்து நினைவிலிருந்து வரைந்து விற்றுவிட்டார்கள். ஆனால் அடிவரித் தேதி தகடு பிறந்த நாளைத்தான் சொல்லும், தாள் அச்சான நாளை அல்ல.

அடுத்து, திருட்டுப் படி பல நேரம் இடவலம் மாறியிருக்கும். நகலெடுப்பவன் அச்சைப் பார்த்து அப்படியே தகட்டில் வரைந்துவிடுவான். வாள் எந்த இடுப்பில், எந்தக் கையில் பேனா என்று பாருங்கள்.

தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். 1794 முதல் ஏற்றுமதி வரிச் சலுகைக்காக வாட்டர்மார்க்கில் (தாளுக்குள் தெரியும் நீர்க்குறி) ஆண்டு போட்டார்கள். 1792 படத்தில் 1810 என்று இருந்தால் பின்னாள் அச்சு. 1794 என்று மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம், சில ஆலைகள் அந்த எண்ணை மாற்றாமல் பல ஆண்டு ஓட்டின.

கில்ரே தகடுகள் பலவற்றைப் பதிப்பாளர் ஹென்றி போன் வாங்கி 1851இல் வெளியிட்டார்: கனத்த தாள், வண்ணம் கிடையாது, இருபுறமும் அச்சு. பின்னால் இன்னொரு படம் இருந்தால் அது போன் பதிப்பு. அதைக் கிழித்துப் புதிதாக வண்ணம் தீட்டி விற்பதும் உண்டு. ஹோகார்த் தகடுகளை அவர் மனைவி ஜேன் இறந்ததும் பட வெளியீட்டாளர் பாய்டெல் வாங்கி 1790இல் அச்சிட்டார். 1822 பதிப்புக்குச் செதுக்காளர் ஜேம்ஸ் ஹீத் தேய்ந்த கோடுகளை மறுபடி வெட்டினார். நிழல்கள் கருத்துத் தடித்து, முகபாவம் மழுங்கியிருக்கும்.

மைக்கூடு

வண்ணத்துக்கும் ஒரு சோதனை. ஈயம் கலந்த வெள்ளையும் செவ்வீயமும் காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுத்துவிடும். கன்னத்திலோ சிப்பாய்க் கோட்டிலோ புள்ளி புள்ளியாகக் கறுப்பு இருந்தால் பழைய வண்ணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மடிப்பும் கிழிசலும் உள்ள இடத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கிழிந்த நாருக்குள் வண்ணம் இறங்கியிருந்தால், தாள் கிழிந்த பிறகு தீட்டியது.

திண்ணைவாசி

மாணவர்கள் தகட்டை முதலில் 4க்கு 6 அங்குலத்தில் போடலாமா? 10க்கு 14க்கு உருளை இல்லை.

செப்புத்தகடு

தாராளமாக. டார்லியின் மக்கரோனி (அந்நாள் பகட்டு உடை இளைஞன்) படங்கள் கிட்டத்தட்ட அந்த அளவுதான்: ஒற்றை உருவம், பின்னணி கிடையாது, இரண்டே அரிப்பு. பேச்சுக் குமிழி வேண்டாம், அடியில் ஒரு வரித் தலைப்பு போதும். மெழுகு வரப்புக்கும் அரை அங்குல உயரம் போதும். முதல் தகட்டில் ஒரு மூலையில் ஐந்து கோடு போட்டு 2, 4, 8, 16, 32 நிமிடம் என்று அரித்து அச்செடுத்து வையுங்கள். அமிலப் புட்டி மாறினால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.